ஆளுயரத் திட்டு

கண்காட்சியில் முதல் படத்தைப் பார்த்ததுமே வக்கீலம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

ஆளுயரத் தாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். அதன்மேல் மிளகாய்ச் சிவப்பில் கொட்டை எழுத்து: 'ஈரத் துண்டை மெத்தையில போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?'

அடுத்தது ரோஸ் நிறத்தின்மேல் நீலம்: 'குறட்டையா விடுறீங்க, லாரியா ஓட்டுறீங்க?' கேள்விக்குறி மட்டும் குடை அளவு.

வந்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"எல்லாமே வீட்ல நான் வாங்கின திட்டுங்க!" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். பத்து விரலிலும் அச்சு மை. பக்கத்தில் தோள்பையோடு அவர் மனைவி, குனிந்த தலை நிமிராமல்.

குடும்ப நீதிமன்றத்தில் இருபது வருஷம் வாதாடியவர் வக்கீலம்மா. விறுவிறுவென்று அவர்களிடம் போனார்.

"பொண்டாட்டி நாலு சுவத்துக்குள்ள சொன்னதை இப்படி ஊர் சிரிக்க மாட்டி வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"எனக்கென்னங்க வெக்கம்? திட்டு வாங்கினவன்தானே நான்."

"இவங்க சம்மதத்தைக் கேட்டீங்களா?"

"நான் எங்க கேக்கறது? அவதான்..."

"நீங்க சும்மா இருங்க சார். அவங்க சொல்லட்டும். சொல்லுங்கம்மா, இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். கணவர் ஏதோ சொல்ல வந்தார்.

"பாருங்க, மறுபடியும் நீங்களே! வீட்லயும் இப்படித்தான் அவங்க வாயை அடைச்சு வச்சிருக்கீங்களா? பயப்படாதீங்கம்மா, நான் வக்கீல். வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அந்தப் பெண் கழுத்தில் சுற்றியிருந்த துணியை மெல்ல விலக்கினாள். தொண்டைக் குழியில் நீளமாக ஒரு தழும்பு.

"ஆபரேஷன் ஆகி மூணு வருஷமாச்சுங்க," என்றார் கணவர். "உயிர் தங்கிச்சு, குரல் தங்கல. முதல்ல துண்டுச் சீட்டுல எழுதித் திட்டிப் பார்த்தா. நான் கண்ணாடி இல்ல, எழுத்து தெரியலன்னு நழுவிட்டே இருந்தேன். விடுவாளா? ஸ்கிரீன் பிரிண்டிங் கிளாஸ்ல போய்ச் சேர்ந்துட்டா. எழுத்து, கலரு, கண்காட்சி எல்லாமே அவளோடது. நான் மை தேய்ச்சுக் குடுக்கிற எடுபிடி."

வக்கீலம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "தப்பா நினைச்சுட்டேன்..."

"பரவாயில்லைங்க. குரல் இருந்தப்பகூட இவ்வளவு சத்தமாத் திட்டினதில்ல. ஒருநாள் பாத்ரூம் கதவுல பாருங்க..."

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு தாளை உருவி, கணவர் முகத்துக்கு நேரே விரித்தாள். கிளிப்பச்சையில் கறுப்பு எழுத்து: 'போதும்! அடுத்தவங்களையும் பேச விடுங்க!'

கணவர் கப்சிப்.

அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அதே தாளை மெதுவாக வக்கீலம்மா பக்கமும் திருப்பினாள்.