நிற்காத ஃபாண்ட்

"இன்னைக்காச்சும் சாதிச் சான்றிதழ் கிடைக்குங்களா? பொண்ணுக்குக் காலேஜ்ல கேக்கறாங்க." வளப்பூர் நாட்டு மலைக்கிராமத்திலிருந்து மூன்றாவது முறையாகப் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தார் ருக்குமணி.

கிளார்க் அர்த்தனாரி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்.

"லினக்ஸுங்க. தமிழ் ஃபாண்ட் நிக்க மாட்டேங்குது. நானே எட்டு வருசமா ராசிபுரத்துக்கு மாத்தல் கேட்டுட்டு இந்த மலையில கெடக்கறேன். அடுத்த வாரம் வாங்க."

ருக்குமணி போனதும், முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜாபர் உசேன் நான்காவது தடவையாக ஃபாண்டை ஏற்றினார். கட்டங்கள் தமிழாயின.

"சார், நான் ஏத்திட்டுப் போன மறுநாளே யாரோ எடுத்துடறாங்க. மெஷின்ல பதிவாயிருக்குங்க."

அர்த்தனாரி சிரித்தார். "எழுத்து வந்துட்டா மலையே சான்றிதழ் கேட்டு வந்து நிக்கும் பாய். யார் டைப் அடிக்கறது?"

"சரிங்க. போன மாசம் உங்க பேருக்கு ஒரு மெயில் வந்திருக்கே?"

"அதுவும் கட்டமாத்தான் இருந்துச்சு. விட்டுட்டேன்."

"ராசிபுரத்துக்கு மாத்தல் உத்தரவுங்க. பதினஞ்சு நாளுக்குள்ள சேரலைன்னா ரத்தாம். கெடு போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சுருச்சு."

அர்த்தனாரி திரையைத் தன் பக்கம் இழுத்துத் தேதியை இன்னொரு முறை படித்தார்.

ஜாபர் பையை மூடியபடி கேட்டார்: "ஃபாண்ட் இருக்கட்டுங்களா, இல்ல நானே எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?"