மூன்று வரியில் ஒரு படகு

மிஷன் வீதி அலுவலகத்தில் காலை வெயில் தண்ணீர் பாட்டிலுக்குள் புகுந்து சுவரில் அலையாக அசைகிறது. மின்விசிறி மெல்லச் சுற்றுகிறது. மீன்பிடிப் படகுகளின் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க இரண்டு கணினி மொழிகள் இருக்கின்றன. எது வேண்டும் என்று மதியத்துக்குள் முடிவாக வேண்டும். புயல் நாளில் கரையில் இருப்பவர்கள் அதைத்தான் நம்பப் போகிறார்கள். சோதித்துப் பார்க்க, மென்பொருள் எழுதும் வினோதா வீராம்பட்டினத்தில் நிற்கும் தன் வீட்டுப் படகையே கடலுக்குப் போனதாகப் பதிவு செய்திருக்கிறாள். அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் பங்கு போட்டு வாங்கிய படகு. இன்னும் கரை திரும்பாத படகு எது என்று இரண்டு மொழியிலும் கேட்கிறாள். திரையின் இடப்பக்கம் அதே படகு ஆளுக்கொரு வரியாக மூன்று முறை வருகிறது. வலப்பக்கம் ஒரே படகு, அதற்குள் மூன்று பெயர்கள். பார்க்கப் பார்க்க மூவரும் நெருங்கி உட்கார்ந்திருக்க, படகு லேசாக ஆடுவது போலிருக்கிறது.

குழுவின் மூத்தவரான முகிலன் டீ கிளாஸோடு பின்னால் வந்து நிற்கிறார். "இடதுபக்கத்துதே இருக்கட்டும்மா. எல்லாருக்கும் பழகினது."

"அதுல மூணு படகுன்னு வருதுண்ணா."

"கேள்வியில ஒரு வார்த்தை சேர்த்தா ஒண்ணாயிடும். இதுக்கா இவ்ளோ நேரமா மொறச்சிக்கிட்டிருக்க?"

வழக்கமாக இந்த இடத்தில் அவள் சரிண்ணா என்றுவிடுவாள். இன்று திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சேர்க்க மறந்துட்டா? ஒண்ணைக் கண்டுபிடிச்ச பின்னாடியும், இல்லாத ரெண்டு படகைத் தேடிட்டே இருப்பாங்கண்ணா."

முகிலன் கிளாஸை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்கிறார். "வலதுபக்கத்த இன்னொரு தடவ ஓட்டு."