பென்டிரைவ் வாடிக்கையாளர்

"வைஃபை எடுக்குது, சவுண்டும் வருது. மூடித் திறந்தா முழிச்சுக்குதான்னு பாக்கணும் சார். அப்புறம் கீபோர்டையும் கொஞ்ச நேரம் தட்டிப் பாக்குறேன்."

"தாராளமா பாருங்கம்மா. லேப்டாப் எங்க ஓடிடப் போகுது?" என்றார் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனைப் பார்த்துக் கடையில் வைத்த பெயர் அது.

அந்தப் பெண் வருவது இது நான்காவது நாள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் சண்டித்தனம் பண்ணாமல் ஓடுகிற, நம்பி வாங்கக்கூடிய லேப்டாப் வேண்டுமாம். லினக்ஸைப் பென்டிரைவில் போட்டுக் கையோடு கொண்டுவருவாள். அதைச் செருகினால் கடை லேப்டாப் அவளுடையதுபோல் ஆகிவிடும். பிடுங்கினால் பழையபடி கடையுடையது. தினம் ஒரு லேப்டாப், ஒன்றுக்கு ஒரு மணி நேரம். அவள் தட்டுகிற தட்டுக்குக் கீபோர்டே கையெடுத்துக் கும்பிடும்.

வேறு சமயமாக இருந்தால் சோடாபுட்டி முதல் நாளே முகம் சுளித்திருப்பார். இப்போது முடியாது. இங்கே வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே போனில் வாங்கிக்கொள்கிற காலம். இரண்டு மாதமாக ஒன்றுகூட விற்கவில்லை. சனிக்கிழமைக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் திங்களன்று வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஐம்பத்து நான்கு வயதில் எந்தக் கடை வாசலில் போய் நிற்பது? வீட்டில் இன்னும் மூச்சுவிடவில்லை. இன்று சனிக்கிழமை.

அதனால் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். நாற்காலி போட்டார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். மேனேஜரிடமும் தினம் அவள் புராணம்தான்.

"சும்மா பாத்துட்டுப் போற பார்ட்டி இல்ல சார். விஷயம் தெரிஞ்ச பொண்ணு. எனக்குத் தெரியாததெல்லாம் எனக்கே சொல்லிக் குடுக்குது."

இன்று மேனேஜரே மாடியிலிருந்து இறங்கி வந்து அவளைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். விலையைக் குறைத்துப் பேசி முடிக்கத்தான் என்று சோடாபுட்டிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. லேப்டாப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

அவள் கண்கலங்கி இறங்கி வந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். நான் வாங்க வரல. போன மாசம் வேலை போச்சு, ஆபீஸ் லேப்டாப்பையும் பிடுங்கிக்கிட்டாங்க. நாலு நாளா உங்க கடை லேப்டாப்புலதான் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுட்டு இருந்தேன்."

சோடாபுட்டிக்குக் கோபம்கூட வரவில்லை. பெட்டியை மெல்ல மூடினார். வேலை இல்லாமல் நிற்பது என்னவென்று அவருக்குத் தெரியப் போகிற நேரம்.

"கெடைச்சுதாம்மா?" என்றார்.

"கெடைச்சிடுச்சு சார், இங்கயே. என்னைப் பத்தி நீங்க அவ்வளவு பெருமையா சொன்னீங்களாமே. திங்கக்கிழமையிலேருந்து இந்த கவுண்டர்ல நான்தான். நீங்க வேற கிளைக்கு மாத்தலாகிப் போறீங்கன்னு மேனேஜர் சொன்னார். எந்தக் கிளை சார்?"

அந்தக் கடைக்கு வேறு கிளையே கிடையாது.