காந்தள் நுனியில் ஒரு துளி

‘உள்ளதை உள்ளபடி காட்டுவது ஒளி ஒன்றே’ என்று பிரிட்டோவின் ஸ்டுடியோ போர்டில் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘பாஸ்போர்ட் போட்டோவில் முகம் சிவப்பாக்கித் தரப்படும்.’

அந்த போர்டைத் தாண்டி உள்ளே வந்த காசிநாதன், ஷட்டரைப் பாதிக்குக் கீழே இழுத்துவிட்டார். வெளியே மழை இருட்டு. அவருடைய ஆட்கள் இருவரின் கால்கள் மட்டும் ஷட்டருக்கு அடியில் தெரிந்தன.

“அந்தப் பூ போட்டோவை எறக்கிடு, பிரிட்டோ.”

பிரிட்டோவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

கல்வராயன் மலைமேல் மறுநாள் மலர் கண்காட்சி. வாசலிலேயே பத்தடி உயரத்துக்கு அவன் எடுத்த செங்காந்தள். அதன் கீழே அவன் பெயர். கல்யாண ஆல்பத்திலேயே கழிந்த வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் அவனைக் கலைஞன் என்று ஒப்புக்கொள்ளப் போகிறது. திறந்துவைப்பதே இந்தக் காசிநாதன்தான். அடிவாரத்து ஊர்த் தலைவர், ஊரைச் சுத்தமாக்கியதற்காக விருது வாங்கிய ‘சுகாதாரச் செம்மல்’. விருதோடு போர்த்திய ஊதாச் சால்வையை அன்றிலிருந்து தோளைவிட்டு இறக்காதவர். இப்போதும் அது தோளில் இருந்தது.

“இன்னா தலைவரே, கலர்ல எதாவது கொறையா? காந்தள் சிவப்பு கேமராவையே ஏமாத்திடுங்க. சாம்பல் அட்டை வெச்சிக் கலரை சரிபண்ணி, காத்து நிக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கினு எடுத்தேன். மகரந்தத்தை ஒவ்வொரு தூளா எண்ணலாம்.”

“அதாண்டா தப்பு.”

காசிநாதன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அன்னிக்கி விடியக்காலைல ஓடைக்கரைல வேற இன்னா பாத்த?”

“பூவைத் தவிர ஒண்ணும் பாக்கலிங்க.”

“நீ பாக்கல. உன் கேமரா பாத்துச்சி. மத்தியானம் மலைமேல உன் படத்தைக் கட்டிக்கினு இருந்தானுங்க, நேர்ல பாத்தேன். பூ நுனில தொங்குதே ஒரு சொட்டு, பூசணிக்கா சைசுக்கு நிக்குது. அதைப் பெருசு பண்ணு.”

கரண்ட் இல்லை. யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருக்க, பிரிட்டோ மவுஸை உருட்டினான். துளி திரையை நிறைத்தது. பூவுக்கு அப்பால் இருந்தவையெல்லாம் அதற்குள் தலைகீழாகத் தொங்கின: மலை, ஓடை, புதர். படத்தைத் திருப்பிப் போட்டான்.

புதர் மறைவில் ஒரு ஆள். தரையோடு தரையாகக் குறுகி, முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் ஏதோ பளபளத்தது. முதுகில் ஊதாச் சால்வை.

“ஊதா வேற கேமராவுல நீலமாப் போயிடும் தலைவரே. இதுல பாருங்க, அச்சு அசல்...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த பிரிட்டோ, பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

பில் மேஜையிலிருந்து எழுந்து வந்த அவன் மனைவி ரெஜினா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, எதையோ பொதைக்கிறாப்பல இருக்குது” என்றாள் காதருகே. “பக்கத்துல கத்தி.”

“இன்னாம்மா சொல்ற?” என்றார் காசிநாதன்.

“ஒண்ணுமில்லிங்க. படம் நல்லா வந்திருக்குதுன்னு சொன்னேன்.” அவள் விரல்கள் கழுத்துச் சிலுவையைத் தேடின.

“வேற யாரு பாத்தது?”

“வாட்ஸ்அப் குரூப்ல போட்டேங்க. எல்லாரும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போய்ட்டாங்க. யாரும் பெருசு பண்ணிப் பாக்கல” என்றான் பிரிட்டோ.

“நாளைக்கிப் பெருசாவே பாப்பானுங்க. விருது குடுத்த ஆபீசருங்க வராங்க. அதும் முன்னாடி நின்னு நான் ரிப்பன் வெட்டணுமா? எறக்கச் சொல்லி போன் போடு.”

பத்தடிக் காந்தளும் அதன் கீழே தன் பெயரும் பிரிட்டோவின் கண்ணுக்குள் வந்து நின்றன. உள்ளே இருந்த கலைஞன் ஒரு தடவை தலை தூக்கினான்.

“அந்தச் சொட்டை மட்டும் தொடச்சிட்டு, புதுசா அடிச்சித் தரேனே?”

“கரண்டே இல்ல, எங்கடா அடிப்ப?”

ஷட்டருக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு உள்பக்கம் திரும்பியது. கலைஞன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“ஹலோ... அந்தக் காந்தளை எறக்கிடுங்க. ஆமா, இப்பவே. ஆமாங்க... பேரையும்தான்.”

போனை வைத்துவிட்டு, காசிநாதன் பார்க்கப் பார்க்கக் கம்ப்யூட்டரிலும் அழித்தான்.

“முடிஞ்சிதுங்க. யாரைப் பொதைச்சீங்க, எதுக்குப் பொதைச்சீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது, தலைவரே.”

“பொதைச்சனா?”

காசிநாதன் குனிந்து, வெளியே நின்ற ஆட்களை டீ குடிக்கப் போகச் சொன்னார். அவர்கள் போனதும் ஷட்டரைத் தரைவரை இறக்கினார்.

யுபிஎஸ் கடைசியாக ஒரு தடவை கத்திவிட்டு அணைந்தது. ரெஜினா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இருட்டில் காசிநாதனின் மூச்சு பிரிட்டோவின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“வெளிக்கி ஒக்காந்திருந்தேன்டா.”