புகையில் போகும் கிழங்கு

காங்கோ ஆற்றோரக் காட்டை வெட்டித் திருத்திய மரவள்ளிக் கொல்லையில், மரவள்ளிக்கு ஊடே வளர்ந்த பச்சை மரக்கன்றுகள் குவியலாகக் கிடந்து எரிகின்றன. பொலும்பு மதினி நெற்றிப்பட்டையில் மாட்டி முதுகில் தொங்கும் கூடையைக்கூட இறக்காமல் வெறித்துப் பார்க்கிறாள். இலோங்கா அண்ணன் கடைசிக் கன்றையும் பிடுங்கி, வேரைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். வேரெங்கும் மிளகளவு முடிச்சுகள்.

"சீக்குப் பிடிச்ச கன்னு. ஒண்ணு விடாம புடுங்கிட்டேன்."

மதினி வெடுக்கென்று அதைப் பறிக்கிறாள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளக்கிறாள். உள்ளே ரத்தச் சிவப்பு. விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள்.

"சீக்குன்னா உள்ள இப்படியாய்யா செக்கச்செவேல்னு இருக்கும்? காத்துல கெடக்குற சத்தைப் புடிச்சு வெச்சிருக்குற முடிச்சுய்யா இது! இந்தக் கன்னோட தழை விழுந்துதான் என் மரவள்ளி கிழங்கு வைக்குது. காட்டை வெட்டுனதோட ஆம்பள வேலை முடிஞ்சுது. என் கொல்லையில கை வைக்க உன்னை யாருய்யா கூப்பிட்டா?"

"உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான்..."

அண்ணன் இழுக்கிறான். ஈரத் தழை சீறுகிறது. வெள்ளைப் புகை திரண்டு, மர உச்சிகளைத் தாண்டி ஏறுகிறது. மதினி அவன் மோவாயைப் பிடித்து வானத்துக்கு நிமிர்த்துகிறாள்.

"நல்லா பாருய்யா. அடுத்த வருசத்துக் கிழங்கு போகுது."