மாசிலாமணியின் வாரண்டு

இந்தக் காலத்தில் ஒருத்தனையும் நம்பக் கூடாது. மணல் கம்பெனியில் எனக்குக் கூலி போடும் சனிக்கிழமை வரை தாங்கட்டும் என்று சிரித்துக்கொண்டே கடன் கொடுத்தவன் மாசிலாமணி. வட்டி தவறியதும் அவனே கேஸ் போட்டு, என்னைப் பிடிக்க வாரண்டு வாங்கிவிட்டான். கோர்ட்டுச் சேவகனான ஆமீன் என்னைப் பிடித்துக் கோர்ட்டுக்குள் கொண்டுபோனான்.

"ஆறு மாசம் ஜெயிலில கெடக்கட்டும்" என்றான் மாசிலாமணி.

"உள்ள போனா உசிரோட திரும்பமாட்டேன், மக்கா" என்று கெஞ்சினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோர்ட்டுக் குமஸ்தா தலை நிமிராமல் அவனிடம் சொன்னார்: "அப்ப சாப்பாட்டுப் பணத்தக் கெட்டும்."

"அத இவருல்லா கெட்டணும்?"

"கடனுக்கு ஒருத்தர உள்ள போட்டா, போட்டவருதான் சோத்துக்குப் பணம் கெட்டணும். மாசாமாசம், முன்கூட்டியே. அதுதான் சட்டம்."

மாசிலாமணி என்னை மேலும் கீழும் பார்த்தான். "பாட்டா, ஒரு நேரம் எவ்வளவு திம்பீரு?"

பயத்தில் பொய் வரவில்லை. "ஒரு நாழி அரிசிச் சோறு. மூணாளு திங்கத நான் ஒருத்தனே திம்பேன்."

அவன் ஆமீனைப் பார்த்து, "விட்டுரும்" என்றான். பிறகு என்னிடம், "கொஞ்சங் கொஞ்சமாத் தாரும். வட்டி வேண்டாம், வீட்டுக்குப் போவும்" என்றான்.

சோற்றுக்குப் பயந்து விடுகிற ஆளா அவன்? வேறு ஏதோ நினைத்திருக்கிறான். ஆமீன் பின்னால் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.