ஏறிய கலப்பை

தூவிய உளுந்தில் பாதிதான் மண்ணுக்குள் போயிருந்தது. மீதியைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருக்க, கிழட்டு டிராக்டர் கலப்பையைத் தூக்க மாட்டேன் என்று நடுப் புஞ்சையில் நின்றது. மழை முந்திக்கொண்டால் கரிசல் குழைந்துவிடும். அப்புறம் ஒரு வாரத்துக்கு வண்டி உள்ளே இறங்காது. வெயிலுமுத்து ஹைட்ராலிக் ஆயிலை மாற்றினான், ஃபில்டரைக் கழுவினான், பம்ப் குழாயில் நைந்துபோன ரப்பர் வளையத்தைப் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டான்.

"பாரம் தாங்குதான்னு பாக்கணும். நீ கலப்பை மேல உக்காரு" என்றான் மனைவியிடம்.

அழகுநாச்சி ஏறி உட்கார்ந்தாள். அவன் லீவரை இழுத்தான். என்ஜின் முனக, கொழுக்களிலிருந்து மண் உதிர, கலப்பை அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அவள் இரும்புச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தப் புஞ்சையை அவள் குனிந்தேதான் பார்த்திருக்கிறாள். இப்போது கம்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் மழை வெள்ளையாக நடந்து வருவது தெரிந்தது.

"ஏங்க, மழை வந்துட்டிருக்கு. எறக்குங்க, உழுதுருவோம்."

அவன் லீவரைத் தள்ளினான். கலப்பை அசையவில்லை. மறுபடியும் தள்ளினான். காலையிலிருந்து ஏறாத சனியன் இப்போது இறங்க மாட்டேன் என்றது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"லீவரைத் தள்ளியே பிடிங்க. நான் குதிச்சு அமுக்குறேன்" என்று எழுந்து நின்று சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தபோது, இரண்டு கால்களும் கலப்பையை விட்டு மேலே இருந்தன.